ஆசைக்கு ஒரு ஃபில்டர், அபராதம் ஐயாயிரம்

கேரளத்தில் காற்றாலைகள் எங்கே நிற்கின்றன என்று கேட்டால் கஞ்சிக்கோடு, அகளி, ராமக்கல்மேடு என்ற மூன்று பெயர்கள் முன்னால் வரும். முதல் இரண்டும் பாலக்காடு மாவட்டம், மூன்றாவது இடுக்கி. மூன்றுமே தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியவை. மேற்குத் தொடர்ச்சி மலை வழிவிடும் பாலக்காட்டுக் கணவாயில் காற்று புகுந்து ஓடுகிறது. இடுக்கியின் கிழக்கு விளிம்பில் கம்பம் பள்ளத்தாக்கை நோக்கி மோதித் திரும்புகிறது. காற்றுக்குப் பஞ்சமே இல்லாத இந்த இரண்டு எல்லைகளிலும்தான், காருக்குக் குளிர்ந்த காற்று கொண்டுவந்து தருவதாகச் சொல்லும் குழாயையும் ஃபில்டரையும் நம் பையன்கள் காசு கொடுத்து மாட்டிக்கொள்கிறார்கள்.

பொருள் எளிமையானது. கம்பெனி வைத்த கறுப்பு பிளாஸ்டிக் ஏர் பாக்ஸைக் கழற்றி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் அலுமினியக் குழாயையும் அதன் முனையில் கூம்பு வடிவ ஃபில்டரையும் பொருத்துவார்கள். ஒர்க்‌ஷாப்பில் இதற்கு ‘கோன் ஃபில்டர்’, ‘ஓப்பன் ஃபில்டர்’ என்று பெயர். விளம்பரத்தில் மட்டும் ‘கோல்டு ஏர் இன்டேக்’. ஆன்லைனில் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குப் பெயர் தெரியாத கோன் கிடைக்கும். வெளிநாட்டுக் கம்பெனியின் முழு செட் என்றால் பத்தாயிரங்களில் பேச வேண்டும். எதை வாங்கினாலும் எதிர்பார்ப்பு ஒன்றுதான்: பிக்கப் ஏற வேண்டும்.

பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில், புதிதாக எடுத்த டர்போ பெட்ரோல் காரை நிறுத்திவிட்டு ஒரு பையன் கேட்டுக்கொண்டிருந்தான். “அண்ணா, இதை மாட்டினா பிக்கப் ஏறுமா?” மெக்கானிக் தலை நிமிராமல் சொன்னார்: “ஏறும் தம்பி. சத்தம் ஏறும்.” இந்த விஷயத்தில் நான் படித்த எந்தத் தொழில்நுட்பக் குறிப்பும் இவ்வளவு சுருக்கமாகவும் நேர்மையாகவும் இல்லை.

டர்போ இல்லாத பழைய பெட்ரோல் என்ஜினுக்கு இந்தக் குழாயில் ஓரளவு நியாயம் உண்டு. டர்போ காருக்கு, அதிலும் பாலக்காட்டு எல்லை வாளையாற்றுக்கும் இடுக்கி எல்லை போடிமெட்டுக்கும் ஏறி இறங்கும் டர்போ காருக்கு, நியாயம் மிகக் குறைவு. ஆபத்து அதைவிடக் கூடுதல். ஆனால், எல்லா மாற்றத்தையும் ஒரே பிரிவில் போட்டு அடைத்துவிட்டு அரசு கையைக் கழுவிக்கொள்வதையும் ஏற்க முடியாது. இரண்டையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

முதலில் காற்றின் கணக்கு. டர்போ இல்லாத என்ஜின் தனக்கு வேண்டிய காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. உள்ளே போகும் காற்று 10 டிகிரி குளிர்ந்தால் அதன் அடர்த்தி சுமார் 3 சதவீதம் கூடும். அந்த அளவுக்கு எரிபொருளும் கூடுதலாக எரியும். சக்தியும் கொஞ்சம் ஏறும். இது உண்மை. ‘குளிர்ந்த காற்று’ என்ற வியாபாரம் முழுவதும் இந்த ஓர் உண்மையின் மேல்தான் நிற்கிறது.

டர்போ காரில் ஃபில்டரைத் தாண்டிய காற்று நேராக சிலிண்டருக்குப் போவதில்லை. நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் சுற்று ஓடும் கம்ப்ரஸர் சக்கரம் அதைப் பிடித்து அமுக்குகிறது. அமுக்கிய காற்று கொதிக்கிறது. அதை இன்டர்கூலர் ஆற்றுகிறது. அதன்பிறகே என்ஜினுக்குப் போகிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலானாலும் வெளியே இருந்த பாலானாலும், அடுப்பில் ஏற்றிப் பொங்கவைத்துப் பிறகு ஆற்றிக் குடிக்கும்போது பெரிதாக வித்தியாசம் தெரியாது அல்லவா, அப்படித்தான்.

எண்களாகவே போட்டுப் பார்ப்போம். பாலக்காட்டில் 2016 ஏப்ரலில் 41.9 டிகிரி பதிவானது. 2024 ஏப்ரலிலும் 41-ஐத் தாண்டி, வானிலைத் துறை வெப்ப அலை எச்சரிக்கை விடுத்தது. எனவே வெளிக்காற்று 42 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு காரின் குழாய் அந்த 42 டிகிரிக் காற்றையே எடுக்கிறது. இன்னொரு காரின் குழாய் பானெட்டுக்குள் சூடேறிக் கிடக்கும் 57 டிகிரிக் காற்றை எடுக்கிறது. வித்தியாசம் 15 டிகிரி. கம்ப்ரஸர் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்குகிறது, அதன் திறன் 70 சதவீதம் என்று கொண்டால், வெளியே வரும்போது முதல் காரில் ஏறத்தாழ 140 டிகிரி, இரண்டாவதில் 160. வித்தியாசம் 20 ஆகிவிட்டது. அடுத்து இன்டர்கூலர். வெளிக்காற்றைவிட எவ்வளவு சூடு அதிகமோ அதில் முக்கால் பங்கை அது எடுத்துவிடுகிறது என்றால், என்ஜின் வாசலுக்கு வரும்போது ஒன்று 67 டிகிரி, மற்றது 72. அதாவது 15 டிகிரிக்குக் காசு கொடுத்தவருக்குக் கையில் கிடைப்பது 5 டிகிரி. அடர்த்திக் கணக்கில் ஒன்றரை சதவீதம்.

அந்த ஒன்றரையும் சக்கரத்துக்குப் போய்ச் சேர்வது சந்தேகம். இன்றைய டர்போ பெட்ரோல் கார்களில் ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யு. எத்தனை டார்க் தரலாம் என்பதை முதலில் முடிவு செய்துவிடுகிறது. அந்த அளவு வரும்வரை வேஸ்ட்கேட் வால்வை மூடி டர்போவை ஓட்டும், வந்ததும் திறந்துவிடும். காற்று எளிதாகக் கிடைத்தால் டர்போ கொஞ்சம் ஓய்வாகச் சுற்றும், அவ்வளவுதான். 115 பி.எஸ். என்று எழுதி விற்ற கார் ஃபில்டரை மாற்றியதும் 125 ஆகிவிடாது. ஆக வேண்டுமானால் ஈ.சி.யு.வின் கணக்கையே மாற்றி எழுதி ரீமேப் செய்ய வேண்டும். அது வேறு செலவு, வேறு வம்பு.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கம்பெனி ஏர் பாக்ஸின் வாய் எங்கே திறக்கிறது என்று பானெட்டைத் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் அது ரேடியேட்டருக்கு முன்னால், கிரில்லுக்குப் பின்னால், அல்லது ஹெட்லைட் ஓரமாக இருக்கும். வெளிக்காற்றைத்தான் அது எடுக்கிறது. சூடான பானெட்டுக்குள் மூடிய பெட்டியாக அதை வைத்திருப்பதே குளிர்காற்றைக் காப்பாற்றத்தான். அதைக் கழற்றி எறிந்துவிட்டு என்ஜின் பக்கத்திலேயே கோனைத் திறந்து வைப்பவர், குளிர்காற்றுக்குப் பணம் கட்டிச் சுடுகாற்றை வாங்குகிறார். மேலே சொன்ன இரண்டாவது கார் அவருடையதுதான்.

விற்பவர்கள், காரின் சக்தியை அளக்கும் டைனோ எந்திரத்தின் வரைபடம் காட்டுவார்கள். அதைப் பார்க்கும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: சோதனை நடந்தபோது பானெட் திறந்திருந்ததா, முன்னால் பெரிய மின்விசிறி ஓடியதா? கோவிந்தாபுரம் சாலையில் டிப்பர் லாரிக்குப் பின்னால் நகரும் காருக்கு அந்த விசிறி கிடையாது.

இனி இடுக்கிப் பக்கம் வருவோம். கொச்சியிலிருந்து தொண்டிவரை போகும் தேசிய நெடுஞ்சாலை 85, போடியில் கடல்மட்டத்திலிருந்து 350 மீட்டரளவில் கிடந்துவிட்டு, போடிமெட்டுக்குள் 1,300 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறது. மூணாறு சுமார் 1,500 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ 84 சதவீதம்தான். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் பழைய டர்போ இல்லாத ஜீப்புகளுக்கு மெட்டில் மூச்சு வாங்குவது இதனால்தான். டர்போ வண்டி அந்தக் குறையைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும். எப்படி? இன்னும் வேகமாகச் சுற்றி, இன்னும் பலமாக அமுக்கி.

அதற்கு ஒரு விலை இருக்கிறது. கீழே இரண்டு மடங்கு அமுக்கினால் போதுமான இடத்தில், மூணாற்றில் அதே அளவு காற்றைத் தர 2.37 மடங்கு அமுக்க வேண்டும். மூணாற்றுக் காற்று 20 டிகிரியில் சிலுசிலுவென்று இருந்தாலும், கம்ப்ரஸரை விட்டு வெளியே வரும்போது அது 137 டிகிரி. பாலக்காட்டுச் சித்திரை வெயிலில் 140 என்று பார்த்தோமே, அதற்குக் கிட்டத்தட்ட சமம். மலைக்குளிரில் வண்டி ஓட்டினாலும் டர்போவுக்கு அது பாலக்காட்டு மத்தியானம்தான். கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரில் மெதுவாக ஏறும்போது இன்டர்கூலருக்கு வரும் காற்றும் குறைவு. இந்த இடத்தில் உதவுவது சுத்தமான இன்டர்கூலர். அதன் சிறகுகளுக்கு இடையே பூச்சியும் சேறும் அடைத்துக் கிடந்தால், முப்பதாயிரம் ரூபாய்க் குழாய் எதையும் காப்பாற்றாது.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். டர்போவைப் பொறுத்தவரை காற்று எவ்வளவு குளிர்ச்சி என்பதைவிட எவ்வளவு தடையில்லாமல் வருகிறது என்பது முக்கியம். ஃபில்டரில் தடை கூடினால் கம்ப்ரஸர் வெற்றிடத்திலிருந்து இழுப்பதுபோல் திணறும். அடைத்துப்போன ஃபில்டரை மாற்றியதும் வண்டி ‘லேசாக’ ஓடுவதாகத் தோன்றுவது பிரமை இல்லை. ரீமேப் செய்து, பெரிய டர்போ வைத்து, ஒன்றரை மடங்கு சக்தி எடுக்கும் கார்களில் கம்பெனி ஏர் பாக்ஸ் உண்மையிலேயே தொண்டையை இறுக்கும். அங்கே அகலமான இன்டேக் தேவைதான். துவைத்துத் திரும்பப் பயன்படுத்தும் ஃபில்டரால் அடிக்கடி வாங்கும் செலவும் மிச்சம். ஆனால் மாற்றமே செய்யாத 1.0 லிட்டர் டர்போ காரில் கம்பெனி ஃபில்டர் ஏற்படுத்தும் தடை மிகச் சிறியது. அதைப் பாதியாகக் குறைத்தாலும் கம்ப்ரஸரை விட்டு வெளியேறும் காற்றில் இரண்டு டிகிரி குறையும். அதற்கு மேல் எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

அப்படியானால் மாட்டியவர்கள் எல்லோரும் ‘வித்தியாசம் தெரியுது’ என்று சொல்வது பொய்யா? பொய் இல்லை. கம்பெனி ஏர் பாக்ஸ் வெறும் ஃபில்டர் பெட்டி அல்ல. சத்தத்தை அமுக்கும் பெட்டியும்கூட. அதை எடுத்துவிட்டால் டர்போவின் விசில் கேட்கும்; காலை எடுத்ததும் ‘பிஷ்’ என்று காற்று விடும் சத்தம் கேட்கும். காதுக்கு வேகம் கூடிவிட்டதாகத் தோன்றும்; கால் தானாக இன்னும் கொஞ்சம் அழுத்தும். இளவயதில் இந்தச் சத்தத்துக்கு ஆசைப்படுவதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. சத்தத்துக்காக வாங்குகிறேன் என்று தெரிந்து வாங்கினால் சரி.

சத்தத்தோடு உள்ளே வருவது என்ன என்பதுதான் கேள்வி. பாலக்காட்டுப் பக்கம் விடை தூசி. மார்கழி, தை மாதங்களில் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வீசும் வறண்ட காற்றை அந்த ஊர்க்காரர்கள் நன்றாக அறிவார்கள். சித்தூர் வட்டாரத்தில் அறுவடை இயந்திரம் ஓடும் நாள்களில் வைக்கோல் தூசி ரோட்டிலேயே மிதக்கும். கோபாலபுரம், கோவிந்தாபுரம் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிவரும் டிப்பர்களுக்குப் பின்னால் போகாத நாளே இருக்காது. கல்தூசியில் இருப்பது சிலிக்கா. அது பெரும்பாலான உலோகங்களைவிடக் கடினமானது.

ஃபில்டருக்கு இரண்டு வேலை. காற்றை விட வேண்டும், தூசியைப் பிடிக்க வேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். நல்ல காகித ஃபில்டர் சோதனைத் தூசியில் 99 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடுகிறது. நூல் வலையில் எண்ணெய் நனைத்த பருத்தி ஃபில்டர், காற்றைத் தாராளமாக விடுவதற்காகச் செய்யப்பட்டது. 1969-ல் கலிபோர்னியாவில் மோட்டார்சைக்கிள் உலகத்திலிருந்து வளர்ந்த கே அண்ட் என் கம்பெனி இதைப் பிரபலமாக்கியது. நல்ல கம்பெனிப் பொருள், சரியான அளவு எண்ணெய், சரியான இடைவெளியில் கழுவுதல் மூன்றும் இருந்தால் பெரிய கெடுதல் இல்லை. நம் ஊரில் மூன்றும் சேர்வது அபூர்வம். கழுவிவிட்டு எண்ணெயைத் தாராளமாக ஊற்றுகிறார்கள். அந்த எண்ணெய் காற்றோடு போய், காற்றை அளக்கும் எம்.ஏ.எஃப். சென்சாரின் மெல்லிய சூட்டுப் படலத்தில் படிகிறது. சென்சார் காற்றைத் தப்பாக அளக்கிறது. டீசல் வண்டியில் இது இன்னும் மோசம்: புகையைத் திருப்பிவிடும் ஈ.ஜி.ஆர். வால்வு எவ்வளவு திறக்க வேண்டும் என்பதற்கு அந்த சென்சார் சொல்வதுதான் கணக்கு. கணக்குத் தப்பினால் கரி கூடும், பி.எஸ். 6 டீசலில் கரி பிடிக்கும் டி.பி.எஃப். சீக்கிரம் அடைக்கும். அதை மாற்ற ஆகும் செலவைக் கேட்டால் கோன் ஃபில்டர் வாங்கிய மகிழ்ச்சி அன்றோடு போய்விடும்.

பெயர் தெரியாத கோன்களில் பிரச்சினை வேறு. ரப்பர் வாயும் குழாயும் சரியாகப் பொருந்தாது. கிளிப் இறுக்கம் ஆறு மாதத்தில் தளரும். இதைக் கண்டுபிடிக்க ஒரு கருவியும் வேண்டாம். ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையே இருக்கும் குழாயைக் கழற்றி, விரலில் வெள்ளைத் துணியைச் சுற்றி உட்சுவரைத் துடையுங்கள். நல்ல நிலையில் உள்ள வண்டியில் லேசான எண்ணெய்ப் பசை மட்டும் ஒட்டும். என்ஜின் மூச்சுக் குழாயிலிருந்து வருவது அது. துணி பழுப்பாகி, விரல்களுக்கு இடையே தேய்க்கும்போது நறநறவென்றால் தூசி ஃபில்டரைத் தாண்டிவிட்டது என்று பொருள். அப்படியே டார்ச் அடித்துக் கம்ப்ரஸர் சக்கரத்தின் இதழ் விளிம்பைப் பாருங்கள். புதிய சக்கரத்தில் விளிம்பு கூர்மையாக, பளபளப்பாக இருக்கும். தூசி தின்ற சக்கரத்தில் அது மழுங்கி, சொரசொரவென்று, சாம்பல் நிறத்தில் தெரியும். நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றில் மணல் பட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த விளிம்பே சாட்சி. அதே தூசி சிலிண்டருக்குள்ளும் போய் ரிங்கைத் தேய்த்திருக்கும். அதை டார்ச்சால் பார்க்க முடியாது. ஆயில் குறைய ஆரம்பிக்கும்போது தெரியும்.

இடுக்கிப் பக்கம் விடை தண்ணீர். உண்மையான குளிர்காற்றுக் குழாய் என்றால் அதன் வாய் கீழே பம்பருக்குள்ளோ ஃபெண்டர் ஓரத்திலோ இறங்கியிருக்கும். அங்கேதான் சூடு குறைவு. மழைக்காலத்தில் அங்கேதான் தண்ணீரும் முதலில் வரும். 2018 ஆகஸ்டில் செறுதோணி அணையின் ஷட்டர்கள் 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறக்கப்பட்ட அந்த நாள்களில் மூணாறு நகரமே தண்ணீருக்குள் நின்றது. அந்த அளவு வெள்ளம் வேண்டியதில்லை. வண்டிப்பெரியாற்றில் ரோட்டில் ஓரடித் தண்ணீர் நிற்கும்போது எதிரே வரும் பஸ் அலை எழுப்பினால் போதும். தண்ணீர் காற்றைப்போல் அமுங்காது. சிலிண்டருக்குள் அது புகுந்த நொடியில் கனெக்டிங் ராடு வளையும். இதற்குத்தான் ஹைட்ரோலாக் என்று பெயர். சாதாரண மோட்டார் இன்சூரன்ஸில் இந்த என்ஜின் சேதத்துக்குப் பணம் வாங்குவது பெரும்பாடு. ‘என்ஜின் புரொடெக்ட்’ என்ற தனிக் கூடுதல் பாலிசி எடுத்திருந்தாலும், கம்பெனி அமைப்பை மாற்றியிருக்கிறீர்கள் என்று சர்வேயர் குறிப்பு எழுதினால் வழக்கு நீளும். டீலரிடம் வாரண்டி கேட்டாலும் முதலில் பார்ப்பது பானெட்டுக்குள் பளபளக்கும் அந்த அலுமினியக் குழாயைத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரள உயர் நீதிமன்றம் மாநில விதிகளைக் காட்டி இதில் இளக்கம் காட்டியபோது, வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2019 ஜனவரி 9 அன்று நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு அதை ரத்து செய்து, தயாரிப்பாளரின் மூல அமைப்பை மாற்ற முடியாது என்று தீர்த்துச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம் 182ஏ(4) என்ற உட்பிரிவைச் சேர்த்தது: அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். ஆனால் பொள்ளாச்சியிலும் தேனியிலும் யாரும் பானெட்டைத் திறக்கச் சொல்லாத வண்டி, மீனாட்சிபுரத்தையோ குமுளியையோ தாண்டியதும் ஓரங்கட்டப்படுகிறது. ‘கேரளாக்காரன் தமிழ்நாட்டு நம்பரைப் பார்த்தாலே பிடிக்கிறான்’ என்ற புலம்பலைக் கேட்காத எல்லையோர டீக்கடை இல்லை.

புலம்புபவர்கள் வடக்கஞ்சேரியை மறந்துவிடுகிறார்கள். 2022 அக்டோபர் 5 நள்ளிரவில், எர்ணாகுளம் மாவட்டம் முளந்துருத்தியிலிருந்து பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஊட்டிக்குப் போன சுற்றுலாப் பேருந்து, பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரி அருகே கே.எஸ்.ஆர்.டி.சி. பேருந்தின் பின்னால் மோதியது. ஐந்து மாணவர்கள், ஓர் ஆசிரியர், அரசுப் பேருந்தில் வந்த மூவர் என ஒன்பது பேர் இறந்தனர். மோதும்போது வேகம் மணிக்கு 97.7 கிலோமீட்டர். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் கைவைக்கப்பட்டிருந்தது விசாரணையில் தெரிந்தது. அதற்குப் பிறகு கேரள மோட்டார் வாகனத் துறை மாற்றம் செய்த எந்த வண்டியைப் பார்த்தாலும் சந்தேகத்தோடு பார்க்கிறது என்றால், அந்தச் சந்தேகத்துக்கு ஒரு சாலையும் ஒரு தேதியும் இருக்கின்றன. உயர் நீதிமன்றமும் விடாமல் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறது.

அதற்காக வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை முடக்குவதும், ஏர் ஃபில்டரை மாற்றுவதும் ஒரே பிரிவில் ஒரே ஐயாயிரமா? இதுதான் எனக்கு நெருடுகிறது. எது ‘மாற்றம்’, எது வெறும் உதிரி பாகம் என்பதைச் சட்டம் போதுமான அளவு தெளிவாகப் பிரித்துச் சொல்லவில்லை. கம்பெனி பெட்டிக்குள்ளேயே பொருந்தும் பருத்தி ஃபில்டர் மாற்றமா? பெட்டியைக் கழற்றினால்தான் மாற்றமா? ரோட்டில் நிற்கும் ஆய்வாளரின் அன்றைய பார்வையே தீர்ப்பாகிவிடுகிறது. விதி தெளிவாக இல்லாத இடத்தில் அபராதச் சீட்டுக்குப் பதிலாக வேறு பேச்சு நுழையும் என்பதை எல்லையில் வண்டி ஓட்டும் யாருக்கும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

வழி இல்லாமல் இல்லை. கலிபோர்னியாவில் காற்று வள வாரியம், வெளிச்சந்தை இன்டேக் ஒவ்வொன்றையும் சோதித்து, புகையைக் கூட்டாது என்று தெரிந்தால் ஓர் உத்தரவு எண் தருகிறது. அந்த எண்ணுள்ள ஸ்டிக்கர் பானெட்டுக்குள் இருந்தால் போலீஸ் தொட முடியாது. இல்லாவிட்டால் சாலையில் ஓட்ட முடியாது. ஜெர்மனியில் டூஃப் போன்ற சோதனை நிறுவனங்களின் சான்று வேண்டும். நம் நாட்டிலேயே சி.என்.ஜி., எல்.பி.ஜி. கிட் மாட்டுவதற்கு 52-வது பிரிவில் தனி வழி இருக்கிறது: அங்கீகரித்த கிட், அங்கீகரித்த ஒர்க்‌ஷாப், ஆர்.சி.யில் பதிவு. எரிவாயுத் தொட்டியையே டிக்கியில் வைக்க முறை வகுத்த அரசுக்கு ஒரு ஃபில்டருக்கு முறை வகுப்பது பெரிய காரியமா? புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ. இருக்கிறது, சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. தூசி பிடிக்கும் திறன், புகை, சத்தம், தண்ணீர் புகும் உயரம் ஆகிய நான்கையும் சோதித்துச் சான்று கொடுக்கட்டும். சான்று பெறும் தகுதியுள்ள பொருள் ஒரு சிலதான் தேறும் என்பது என் கணிப்பு. ஆயிரம் ரூபாய்க் கோன் முதல் சோதனையிலேயே விழும். விழட்டும்.

வேகத்துக்காகவே மாற்றுகிறேன் என்பவர்களுக்கும் இடம் இருக்கிறது. வாளையாற்றிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள், கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே 2003-லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தியக் கார் பந்தயத்துக்கு உயிர் கொடுத்த எஸ். கரிவர்தன் பெயரில் அமைந்த 2.1 கிலோமீட்டர் ஓடுதளம். இன்டேக், ரீமேப் எல்லாம் செய்த காரின் முழு வலுவையும் அங்கே பார்க்கலாம். மூணாறு கேப் ரோட்டில் ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்க்க வேண்டியதில்லை. அந்த மலைச்சாலையில் கார் உருண்டால் கீழே தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர் தமிழராக இருக்கவே அதிக வாய்ப்பு.

வாங்கியே தீருவேன் என்பவர் முதலில் ஈ.சி.யு.வின் எண்களைப் படித்துக் காட்டும் ஒரு சிறு ஓ.பி.டி. கருவியை வாங்கட்டும், கோன் ஃபில்டர் விலைதான் அதுவும். கைப்பேசியில் இணைத்து, போடியிலிருந்து போடிமெட்டுவரை ஏறும்போது இன்டேக் வெப்பநிலையைப் பதிவு செய்துகொள்ளட்டும். மாட்டிய பிறகு அதே நேரத்தில், அதே ஆள்களோடு மறுபடி ஏறட்டும். எண் குறைந்திருந்தால் அவர் ஜெயித்தார். கூடியிருந்தால் கழற்றி வைத்த பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டிருக்கக் கூடாது. மற்றவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கம்பெனி ஃபில்டரைப் புத்தகத்தில் சொன்ன தூரத்துக்கு முன்பே மாற்றுங்கள், பாலக்காட்டுத் தூசியில் பாதி தூரத்துக்கே மாற்றினாலும் தப்பில்லை. இன்டர்கூலரின் முன்பக்கத்தை அழுத்தம் குறைந்த தண்ணீரில் கழுவுங்கள். டர்போ குழாய்களின் கிளிப்பை ஆண்டுக்கு ஒருமுறை இறுக்குங்கள். மழைக்காலத்துக்கு முன் ஏர் பாக்ஸின் வடிகால் துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இத்தனைக்கும் சேர்த்து ஆகும் செலவு, ஒரு நல்ல இன்டேக் கிட்டின் வரியளவு வராது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளிச்சந்தை உதிரி பாகங்களுக்குச் சான்றிதழ் முறையைக் கொண்டுவர வேண்டும். அதுவரை, எவையெல்லாம் அனுமதிக்கப்பட்ட மாற்றங்கள் என்ற பட்டியலை மலையாளத்திலும் தமிழிலும் அச்சிட்டு, வாளையாறு, கோவிந்தாபுரம், குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு சோதனைச் சாவடிகளில் ஒட்டும்படி கேரள, தமிழ்நாடு போக்குவரத்துத் துறைகள் இரண்டும் உத்தரவிட வேண்டும். பட்டியல் ஒட்டுவதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. மாநிலத்துக்கு ஓர் ஆணையர் கையெழுத்து போதும்.